போகாத மின்னஞ்சலும் ‘வந்திட்டா’வும்

நான் ஒருவனுடைய வேலையைப் போக்கினேன். அவன் செய்யாத பிழையை அவன் பேரில் எழுதி, கீழே கையொப்பமும் வைத்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அவனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சிரிப்பு முந்திக்கொள்ளும். அதையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும், ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிட்டு அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போன ஒரே மனிதன் அவன்தான். யாருக்கு எதை அனுப்பினாலும் அடுத்த நிமிடம் தொலைபேசியை எடுத்து, “வந்திட்டா?” என்பான். “இல்லை” என்று பதில் வந்தால் ஹெல்மெட்டைத் தேடுவான். தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவன் ‘வந்திட்டா’.

நாங்கள் வேலை செய்தது வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு விவசாயத் தொண்டு நிறுவனத்தில். பெயர் வேண்டாம். நான் பிரதம லிகிதர், அதாவது தலைமை எழுத்தர், பட்டதாரி, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஆட்களைப் பார்க்கும் பழக்கம் உள்ளவன். அவன் கிரான் என்ற ஊரிலிருந்து வந்த கணினி திருத்துகிற ஆள். வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை.

கணக்குப் பிரிவில் புஷ்பம் மிஸ் இருந்தார். ஒரு நாள் அவர் கூப்பிட்டார்.

“தம்பி, மெயில் போகுதில்லடா.”

“வாறது வருதா மிஸ்?”

“அது மாரி மழை மாதிரி வருது.”

“போறதுதான் நிக்கிது?”

“அதத்தானே வெள்ளன இருந்து சொல்லுறன்!”

“அப்ப முகத்துவாரத்தில மண்ணு.”

எந்தக் கோளாறுக்கும் இதுதான் அவனுடைய முதல் வாக்கியம். மாரியில் ஆற்றுத் தண்ணீர் எல்லாம் வாவிக்குள் வந்து நிறையும். முகத்துவாரத்தில் மணல் அடைத்திருந்தால் கடலுக்குப் போக வழியில்லாமல் வயலில் ஏறும். மண்ணை வெட்டிவிட்டால்தான் விமோசனம். மின்னஞ்சலும் அப்படித்தான் என்பது அவன் சித்தாந்தம்.

“வாறதுக்கு ஒரு சேர்வர், போறதுக்கு ஒரு சேர்வர் மிஸ். ஆறு வருதெண்டாப்போல கடல் துறந்திரிக்கெண்டு நினைக்கப்படா.”

புஷ்பம் மிஸ்ஸின் அவுட்பொக்ஸைத் திறந்தான். அம்மன் சடங்கில் எடுத்த நாற்பது படங்களை ஒரே கடிதத்தில் இணைத்து மூன்று கிழமைக்கு முன் சித்தப்பாவுக்கு அனுப்பியிருந்தார். அது முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் வராமல் வழியில் நின்றது.

“அம்மன நாப்பது தரம் ஒரே வண்டியில ஏத்தினா எப்படி மிஸ் போவா?” என்று சொல்லி அதை எடுத்துவிட்டான். பின்னால் மூன்று கிழமையாகத் தேங்கி நின்ற கடிதங்கள் எல்லாம் குபீரென்று பாய்ந்தன. அதில் ஒன்று, லீவு தராத கோபத்தில் மிஸ் எங்கள் பணிப்பாளருக்கு எழுதியது. இருவரும் சமாதானமாகி வடையும் சாப்பிட்டாயிற்று. அந்தக் கடிதம் கிடப்பதை மிஸ்ஸே மறந்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் பணிப்பாளர் அறையிலிருந்து வெளியே வந்தார்.

“புஷ்பம் மிஸ், நான் ஈரமில்லாத எருமையா?”

மிஸ் மேசைக்குக் கீழே குனிந்து பேனையைத் தேடினார். எங்கள் ஆளுக்கோ முகமெல்லாம் பூரிப்பு. “அப்ப வந்திட்டா சேர்?”

சோதனைக் கடிதம் அனுப்பும் விதத்திலும் அவன் தனி ஆள். மற்றவர்கள் ‘சோதனை’ என்று ஒரு சொல் எழுதுவார்கள். அப்படி எழுதினால் சேர்வர் மதிக்காது, உண்மையான விசயம் ஒன்று உள்ளே இருக்க வேண்டும் என்பான். ஆகையால் காலையில் தின்றதை எழுதுவான். ஒருமுறை காத்தான்குடியில் ஒரு துணிக்கடை முதலாளிக்கு மெயில் போகவில்லை. பாஸ்வேர்டைக் கைத்தொலைபேசியில் மாற்றிவிட்டுக் கணினியில் மாற்ற மறந்திருந்தார். சரிசெய்துவிட்டு முதலாளியின் முகவரிக்கு, “இண்டைக்கு குரக்கன் புட்டும் மீன் ஆணமும். கிடைச்சா சொல்லுங்க” என்று அனுப்பினான். பக்கத்துக் கதிரையில் இருந்த முதலாளி வாய் திறக்காமல் தட்டெழுதினார்: “என்ன மீன்?” இவன் எழுதினான்: “மணலை.” அரை மணி நேரம் இருவரும் தோளோடு தோள் உரச இருந்து மீனைப் பற்றி மின்னஞ்சல் செய்திருக்கிறார்கள்.

இனி என் பங்கு.

ஒரு திங்கட்கிழமை நண்பர் ஒருவர் சாமி படம் ஒன்று அனுப்பினார். இதை நூற்றெட்டுப் பேருக்கு அனுப்பினால் பொழுது படுவதற்குள் நல்ல செய்தி வரும் என்று கீழே எழுதியிருந்தது. நான் பட்டதாரி என்று மேலே சொன்னேன். அனுப்பினேன். நூற்றெட்டு எண்ணச் சோம்பல்பட்டு, அலுவலக முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே அழுத்தில் அனுப்பினேன்.

பொழுது படுவதற்குள் செய்தி வந்தது. அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் வெளியே போகவில்லை. வெளியில் உள்ள சேர்வர்கள் எங்களைக் குப்பை அஞ்சல் அனுப்புகிறவர்கள் என்று குறித்துக் கதவைச் சாத்திவிட்டன. இந்த விளக்கம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் நான் அனுப்பிய படத்தால்தான் வந்த வினை என்று அன்றே விளங்கிவிட்டது. அனுப்பியதற்கான தடத்தை அழித்தேன்.

அவன் ரவுட்டரை மாற்றினான், வயரை மாற்றினான், போர்ட் இலக்கங்களைப் பஞ்சாங்கம் மாதிரி மாற்றி மாற்றிப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை ஒரு தாளில் காரணங்களை வரிசையாக எழுதிக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வந்தான்.

“சேர், நீங்க கனபேருக்கு ஒரேயடியா ஏதும் அனுப்பினீங்களா?”

சரியான கேள்வி. சரியான மேசை.

“எனக்கு அதுக்கெல்லாம் நேரம் இரிக்கா தம்பி?” என்றேன்.

“அதுவும் மெய்தான்” என்று சொல்லி, அந்தக் காரணத்தின் மேல் ஒரு கோடு இழுத்தான். என்னை நம்பி இழுத்த கோடு அது.

அந்தக் கிழமைதான் கிரான் பக்கத்து வயல் வட்டைகளில் வெள்ளம் ஏறி வேளாண்மை அழிந்த குடும்பங்களின் பட்டியல் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலோடு முடிவு. அவனுக்கு அதில் பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். வெள்ளிக்கிழமை காலை பட்டியலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வெளியில் ஒரு இணையக் கடைக்குப் போய், தன் சொந்த முகவரியிலிருந்து அனுப்பினான். கொழும்புக்குத் தொலைபேசி அடித்து, “வந்திட்டா?” என்று கேட்டான். வந்திருந்தது. நிவாரணமும் கிடைத்தது.

ஆனால் அலுவலகப் பட்டியலைச் சொந்த முகவரியிலிருந்து அனுப்பக்கூடாது என்பது விதி. பணிப்பாளர் அறிக்கை கேட்டார். எழுதியவன் நான். “அஞ்சல் முடக்கத்துக்கும் விதி மீறலுக்கும் பொறுப்பான ஊழியரின் கவனயீனமே காரணம்.” நல்ல தமிழ், ஒரு பிழை இல்லை. அவனுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

போகிற நாளில் என் மேசைக்கு வந்தான். “வேல போனா போகட்டும் சேர். ஏன் போகல்லெண்டு கண்டுபிடிக்காமப் போறன் பாருங்க, அதுதான் கவல.”

ஏழு வருடம் போயிற்று. ஓய்வு, முழங்கால் வலி, அவன் கடைசியாகச் சொன்ன அந்த வாக்கியம் மூன்றும் என்னோடு வீட்டில் இருந்தன. கடைசியில் உண்மையைக் கையால் எழுதினேன். ஒன்பது பக்கம். அவற்றைப் படம்பிடித்து இணைத்து, நிறுவனத்துக்கும் பிரதியை அவனுக்கும் அனுப்பினேன். போகவில்லை. மூன்று நாள் முயன்றேன். போகவே இல்லை. மட்டக்களப்பில் இந்த நோய்க்கு எனக்குத் தெரிந்த வைத்தியன் ஒருவன்தான்.

தொலைபேசியில் அழைத்து, மெயில் போகவில்லை என்றேன். “வாறது வருதா சேர்?” என்றான், நேற்றுப் பிரிந்தவன் மாதிரி. கிரானில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்தான். அதைப் பூட்டிவிட்டு வந்தான்.

அவுட்பொக்ஸைத் திறந்தான். தன் முகவரியைக் கண்டான். பக்கம் பக்கமாக வாசித்தான். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசித்து முடித்தவன் எழுந்து வெளியே போய், மோட்டார் சைக்கிள் வரை நடந்துவிட்டுத் திரும்பி உள்ளே வந்தான். ஹெல்மெட் மேசையில் இருந்தது. அதை எடுக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

“அப்ப போர்ட் இல்ல!” என்றான். கண் சிவந்திருந்தது. “ஏழு வருசமா அந்தக் கிழமைய நினைச்சுக்கிட்டு இரிக்கன் சேர். பெண்சாதியோட சாப்பிடக்குள்ளயும் போர்ட் யோசன. ஒரு வார்த்த சொல்லியிரிந்தா, ரெண்டு நாளில துறந்திரிப்பன்.”

“பிழை செய்திட்டன் தம்பி.”

“ஓம், செய்திட்டீங்க.” அவன் மறுக்கவில்லை. கதிரையை இழுத்து அமர்ந்தான். “இப்ப இதப் பாப்பம். மன்னிப்பு இருபத்தெட்டு எம்பி இரிக்கி சேர். இவ்வளவு பாரத்த எந்த முகத்துவாரமும் விடா. சுருக்குங்க.”

ஒன்பது பக்கத்தையும் எடுத்து எறிந்தான். என்னைக் கொண்டே தட்டெழுத வைத்தான். நான்கு வரியில் முடிந்தது: படத்தை அனுப்பியது நான். கேட்டபோது பொய் சொன்னது நான். அறிக்கை பொய். அவன் மேல் குற்றமில்லை.

அனுப்பும் பொத்தானை அவன் தொடவில்லை. “நீங்க அமத்துங்க.” அமத்தினேன். போயிற்று. உடனே நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தான். “ஒரு மெயில் அனுப்பினம். வந்திட்டா?”

வந்திருந்தது. இப்போது அங்கே புதிய பணிப்பாளர். அவர் வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அந்த வேலையே இப்போது இல்லையாம். பழைய அறிக்கையை நீக்கிவிட்டதாகவும் அவன் குற்றமற்றவன் என்றும் இரண்டு வரிக் கடிதம் அனுப்பினார். கிரான் கடையில் அது பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்குகிறது. பக்கத்தில், ஏழு வருடம் அவன் வைத்திருந்த காரணப் பட்டியல். அன்று கோடு இழுத்து வெட்டிய இடத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம்.

மன்னித்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆனால் என் மெயில் ஒழுங்காக ஓடுகிறதா என்று அன்றிலிருந்து தினமும் காலையில் சோதிக்கிறான். “இண்டைக்கு பாணும் சம்பலும். கிடைச்சா சொல்லுங்க.” நான் “கிடைத்தது” என்று பதில் எழுதுவேன்.

போன கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டேன். அன்றைய கடிதத்துக்குப் பதில் போகவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. பத்து மணிக்கு வேலிப் படலையில் மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது. ஹெல்மெட்டோடு வாசலில் நின்றான்.

“சேர், வந்திட்டா?”

“வந்திட்டு தம்பி” என்றேன்.