சம்மட்டி இல்லாத ஆல்பம்

"சார், கொஞ்சம் நிறுத்துங்க. இப்ப என்ன பாடுனீங்க?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து ஒலிப்பதிவு செய்கிற பெண் கேட்டாள். இடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடி என்பது மேடையில் கத்திக் கத்தியே அவன் சம்பாதித்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்திருப்பான்.

"என்ன பாடுனேனா? இருபது வருஷமா ஊரே பாடுற பாட்டும்மா இது. 'கதவைத் திற.' நீ கேட்டதே இல்லையா?"

"கேட்டிருக்கேன் சார். 'கதவைத் திற, கதவைத் திற'ன்னு கத்துவீங்க. அப்புறம் டமடமன்னு டிரம்ஸ் வரும். மறுபடியும் 'கதவைத் திற'. நடுவுல வார்த்தை இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியுது."

இந்த எரிச்சலில்தான் அவன் இந்த ஆல்பத்தையே ஆரம்பித்தான். பாட்டு எழுதுகிறவன் இவன், மெட்டுப் போடுகிறவன் இவன், தொண்டை கிழியப் பாடுகிறவன் இவன். ஜனங்கள் காதில் விழுந்ததோ சம்மட்டி அடித்த அடி மட்டும். சம்மட்டி என்பது இவன் குழுவில் டிரம்ஸ் அடித்த தடியன். நல்ல வரியாகப் பார்த்து ஓங்கிச் சாத்துவான். ஏன்டா என்றால் பல்லைக் காட்டுவான். போன மாதம் அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினான் இடி. கரண்டும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம், ஒரு மரக் கிடார், என் குரல், என் வார்த்தை, அவ்வளவுதான் என்று பேட்டியும் கொடுத்துவிட்டான். பேட்டி கொடுக்கிறவன் வாயை முதலில் தைக்க வேண்டும்.

"சரி, போட்டுக் காட்டு. என் வார்த்தையை நானும் கேட்கிறேன்," என்றான், காலை ஆட்டிக்கொண்டு.

அவள் பொத்தானை அழுத்தினாள். அறை முழுக்க அவன் குரல் சுத்தமாக வந்தது.

*இடுப்பெல்லாம் சாவி, நெஞ்செல்லாம் பூட்டு,*
*மூக்கு மட்டும்தான் திறந்து கிடக்குற கேட்டு,*
*கிழட்டுக் கழுகே, கதவைத் திற!*

ஆடின கால் நின்றது.

இடுப்பில் சாவிக்கொத்தும் முகத்தில் கழுகு மூக்குமாக அவனுக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள்தான் உண்டு. பூட்டுக்கடை வைத்திருக்கிறார். இடியின் மாமனார்.

பாட்டு எழுதினபோது அவர் மாமனார் ஆகியிருக்கவில்லை. பெண் கேட்டுப் போனவனைக் கேட்டுக்கு வெளியே மழையில் நிற்கவைத்த கிழவர், அவ்வளவுதான். அந்த ஆத்திரத்தில் எழுதினது. மறு வருஷம் அவரே கதவைத் திறந்து பெண்ணைக் கொடுத்தார். அதற்குள் பாட்டு ஊரெல்லாம் பரவிவிட்டது. அப்புறம் மேடை மேடையாக வாய்தான் பாடியதே ஒழிய, புத்தி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அவன் மனைவியோ அதைத் தன்மேல் எழுதின காதல் பாட்டு என்று நம்பிக்கொண்டிருந்தாள். அப்பா என்றால் அவளுக்கு உயிர். "எங்கப்பாவை ஒரு வார்த்தை சொன்னீங்க, அந்த நிமிஷமே பெட்டியைக் கட்டிடுவேன்" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவைத்தவள். வெறும் மிரட்டல் இல்லை. அப்பாவைக் கஞ்சன் என்று சொன்ன ஒரே குற்றத்துக்காகக் கூடப் பிறந்த தம்பியோடு இன்றுவரை பேச்சு கிடையாது.

"சார், யாரு சார் அந்தக் கழுகு?" கண்ணாடிக்கு அப்பால் இருந்து அந்தப் பெண் கேட்டாள்.

"கழுகுன்னா கழுகுதான்! மேல பறக்கும். நீ வேலையைப் பாரு!"

வீட்டுக்குப் போனால் கழுகு சோபாவில் உட்கார்ந்திருந்தது.

"வாங்க மாப்பிள்ளை. ஏதோ சத்தமில்லாத ஆல்பம்னாங்க. அப்ப சம்மட்டி?"

"அவன் இல்ல மாமா."

"அட, அவனை ஏன் அனுப்புனீங்க? உங்க பாட்டுக்கே அவன் அடிதானே அழகு?"

இடிக்குக் காது சுட்டது. பெண்டாட்டியின் அப்பன் பேசுகிற பேச்சா இது? எந்த மேடைக்கு வந்தாலும் இந்த மனுஷர் நேரே சம்மட்டியிடம்தான் போவார். தோளில் தட்டுவார். புதுசாக டிரம்ஸ் குச்சி வாங்கிக் கையில் திணிப்பார். மருமகனுக்கு ஒரு கைக்குட்டை வாங்கிக் கொடுத்திருப்பாரா?

"உங்களுக்கு என் குரலே பிடிக்காதுன்னு நேராச் சொல்லிடுங்க மாமா!"

"குரல் தங்கமான குரல். குரலை யாரு என்ன சொன்னா? வார்த்தைதான்..." என்று இழுத்தவர், மகள் வருவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். சாவிக்கொத்து மட்டும் கலகலத்தது.

"அப்பா, இவர் வார்த்தையெல்லாம் இனிமேதான் தெளிவாக் கேட்கும்," என்றாள் மனைவி, பூரித்துப்போய். "ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுலதான் முதல்ல போட்டுக் கேட்கிறோம். என் பாட்டுதான் முதல் பாட்டு. நீங்க என் பக்கத்துல உட்காரணும்."

"எனக்கு எதுக்கும்மா? காதும் முன்ன மாதிரி இல்ல."

"அதுக்குத்தான் பெரிய ஸ்பீக்கர் சொல்லியிருக்கேன்!"

மறுநாள் காலை இடி, ஆல்பம் போடுகிற கம்பெனியின் மேனேஜரைப் போனில் பிடித்தான். 'கதவைத் திற' பாட்டை எடுத்துவிடலாம், அது பழசு என்றான்.

"அந்தப் பாட்டுதான்யா ஆல்பம். மிச்சமெல்லாம் அதுக்குச் சுத்தின காகிதம்," என்று போனை வைத்துவிட்டார் மேனேஜர்.

சரி, வார்த்தையை மென்று முழுங்கிவிடுவோம் என்று ஒலிப்பதிவில் அந்த வரியை மட்டும் முணுமுணுத்துப் பாடினான். பாடி முடித்து நிமிர்ந்தால், அந்தப் பெண் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னமோ ரகசியம் சொல்ற மாதிரி இருந்துச்சு சார். எறும்பு தும்முனாக் கூட எடுக்குற மைக்கு இது. அந்த வரியை மட்டும் இன்னும் ஏத்தி வச்சுட்டேன்."

"ஏத்துனியா? யாரைக் கேட்டு ஏத்துன?"

அடுத்து, மூச்சு முட்டுகிறது என்று சொல்லி ஜன்னலைத் திறந்தான். தெருவில் தண்ணி லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. நல்ல லாரி. அது உறுமும் நேரம் பார்த்து அந்த வரியைப் பாடி முடித்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"கவலைப்படாதீங்க சார்," என்றாள் அவள் ஐந்து நிமிஷம் கழித்து. "கம்ப்யூட்டர்ல லாரியை மட்டும் உருவி எடுத்துட்டேன். இப்பக் கழுகு தனியா நிக்குது."

இந்த மெஷின்களை எவன் கண்டுபிடித்தானோ, அவன் குடும்பம் நன்றாக இருக்கட்டும். முன்பெல்லாம் சத்தம் என்றால் சத்தம், போனால் போனதுதான். இப்போது சத்தத்திலிருந்து சத்தத்தைத் தோலுரிக்கிறார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. வார்த்தையை மாற்றுவது. ராத்திரி முழுக்க முழித்து, சாவியையும் பூட்டையும் கழுகையும் துரத்திவிட்டு, யாருக்கும் பொருந்தாத வார்த்தையாகப் பார்த்துப் போட்டான்.

*தலையெல்லாம் சாயம், வாயெல்லாம் தேனு,*
*ஏமாந்து போனது எப்பவும் நானு,*
*கிழட்டு நரியே, கதவைத் திற!*

அவன் பாடிக்கொண்டிருந்தபோதே பின்னால் கதவு படார் என்று திறந்தது. மேனேஜர் நின்றார். தலை கருகருவென்று இருந்தது. காதோரம் வழிந்த சாயம் இன்னும் காயவில்லை.

"யாருய்யா நரி?"

"ஐயோ சார், உங்களைச் சொல்வேனா? இது சும்மா..."

"என் தலையைப் பாட்டாக்குறியா? என்கிட்டச் சம்பளம் வாங்கிட்டு, என் மைக்குல நின்னு, என்னையவே நரிங்கிறியா?"

"சத்தியமா நரி நீங்க இல்ல சார். முதல்ல அது கழுகு."

"அப்ப நரியா மாத்துனதே எனக்காகத்தானா!"

அரை மணி நேரம் மேனேஜர் கத்தினார். இடியும் பதிலுக்குக் கத்தினான். அந்தப் பெண் நல்லவேளையாகப் பதிவை நிறுத்தியிருந்தாள். கடைசியில் அவள்தான் பழைய வரியைப் போட்டுக் காட்டினாள். கேட்கக் கேட்க மேனேஜர் முகம் மாறியது. கோபம் போய் அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. கம்பெனிக்காரன் சிரித்தால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இதுதான்யா பாட்டு! எவ்வளவு வயித்தெரிச்சல்! எவ்வளவு உண்மை! ஒரு எழுத்தை மாத்தக் கூடாது. கழுகு வரியை ரெண்டு தடவை பாடுறே. அதுவும் இங்க இல்ல. ஞாயித்துக்கிழமை உன் வீட்டுல எல்லாரும் கூடுறாங்களாமே? அங்கயே நேர்ல பாடு. அதையே பதிவு பண்ணி ஆல்பத்துல போட்டுடுவோம். இங்க எடுத்ததையெல்லாம் அழிச்சிடும்மா!"

"சார், வீட்டுல வேணாம் சார்..."

"உன் வீட்டம்மாகிட்டப் பேசிட்டேன்யா. துள்ளிக் குதிக்கிறாங்க. உன் மாமனாரை உனக்கு எதிர்ல நாற்காலி போட்டு உட்காரவைக்கிறாங்களாம்."

இடி வெளியே வந்து ரோட்டோரமாக உட்கார்ந்தான். ஸ்பீக்கராக இருந்தால் ஒயரைப் பிடுங்கிவிடலாம். மரக் கிடாருக்கு ஒயர் எங்கே இருக்கிறது பிடுங்க? மாமனார் மூஞ்சிக்கு நேரே உட்கார்ந்து, மூக்கைப் பற்றி இரண்டு தடவை பாட வேண்டும். திங்கட்கிழமை மனைவி பெட்டியோடு வாசலில் நிற்பாள்.

யார்மேல் கோபப்படுவது என்று ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தான். அந்தப் பெண், லாரி, மேனேஜர், மாமனார் மூக்கு. எல்லாரையும் திட்டி முடித்தபின் ஒரு முகம்தான் மிச்சம் இருந்தது. பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம், மரப்பெட்டி செய்கிற பட்டறையில் சம்மட்டியைப் போய்ப் பார்த்தான். ஆணி அடித்துக்கொண்டிருந்தான் சம்மட்டி. ஒரு ஆணிக்கு ஒரே அடி.

"வாங்கண்ணே. வழி தெரிஞ்சுச்சா?"

"குத்திக் காட்டாதேடா. நாளைக்கு வீட்டுல பாடுறேன். நீ வரணும்."

"வெறும் கிடார், என் குரல், என் வார்த்தைன்னு பேட்டி கொடுத்தீங்களேண்ணே? நான் வந்தா வார்த்தை கேட்காதே?"

"கேட்கக் கூடாதுடா! கழுகுன்னு ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்கு மட்டும், உன் பலம் எவ்வளவோ அவ்வளவையும் போட்டு அடிச்சிட்டு நீ பாட்டுக்குப் போயிடு. மேனேஜர் என்ன கத்தினாலும் நான் பார்த்துக்கிறேன்." ஒரு பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்தான் இடி. "அவ போயிட்டா எனக்கு யாருடா இருக்கா?"

சம்மட்டி சுத்தியலைக் கீழே வைத்தான். அப்போதுதான் இடி கவனித்தான். மூலையில் டிரம்ஸ் எல்லாம் உறை போட்டு, கயிறு கட்டி, வண்டியில் ஏற்றத் தயாராக இருந்தது. மேலே ஒரு ஜோடிக் குச்சி, பிரிக்காத உறைக்குள், புத்தம் புதுசு.

இடிக்குச் சுர்ரென்று ஏறியது. அவனைத் துரத்தி ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் வேறு பாட்டுக்காரனோடு சேர்ந்துவிட்டானா?

"எங்கடா கிளம்பிட்டே? எவன்டா உன்னைக் கூப்பிட்டான்?"

"உங்க வீட்டுக்குத்தாண்ணே."

"நானே இப்பத்தானேடா வந்து கூப்பிடுறேன்!"

சம்மட்டி வழக்கம்போலப் பல்லைக் காட்டினான்.

"காலையிலயே உங்க மாமனார் வந்து கூப்பிட்டுட்டுப் போயிட்டாருண்ணே. 'அந்தக் கழுகு வரி வந்தா ஓங்கி அடிடா, என் பொண்ணு காதுல விழுந்தா குடும்பம் கலைஞ்சிடும்'னு இருபது வருஷமா எனக்குக் குச்சி வாங்கித் தர்றதே அவருதானே!"