தொடாமலே தொட்ட தகடு

பழுது பார்ப்பவர் வேறு, பழுதை ஆராய்பவர் வேறு. முன்னவர் வருவார், மூடியைத் திறப்பார், இரண்டு தட்டுத் தட்டுவார், காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பின்னவர் எங்கும் போகமாட்டார், வீட்டிலேயேதான் இருப்பார். பழுது தீர வேண்டும் என்பதில் அவருக்கு அவசரமில்லை. அது தம்முடைய தகுதிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வயர் கழன்றிருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். பெண் கேட்டு வந்த இடத்தில் மாப்பிள்ளைக்கு வேலை இல்லை என்று சொன்ன மாதிரி முகம் சுருங்கும்.

உதாரணத்துக்கு நம்மவர் ஒருவரைப் பார்ப்போம். பகலில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து, பிறர் கேட்கும் நஷ்ட ஈட்டைச் சந்தேகிப்பது அவருடைய உத்தியோகம். மாலையில் கார் நிற்க வேண்டிய கொட்டகையில் ஒரு சி.என்.சி. ரவுட்டர் நிற்கிறது, கார் தெருவில் நனைகிறது. கணினியில் படம் போட்டுக் கொடுத்தால் மரத்தை அப்படியே செதுக்கித் தரும் யந்திரம் அது. தரும் என்பது விற்றவனின் வாக்கு.

யந்திரத்துக்குக் கண் இல்லை. பலகையின் மேல்மட்டம் எங்கே இருக்கிறது என்று அது தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகப் பலகைமேல் ஒரு சின்னத் தகட்டை வைத்து, வெட்டும் உளியில் ஒரு கிளிப்பை மாட்டுகிறார்கள். தகட்டுக்கு ஒரு வயர், கிளிப்புக்கு ஒரு வயர். உளி மெல்ல இறங்கித் தகட்டைத் தொட்டதும் மின்சாரம் ஓடும். ‘சரி, இதுதான் மட்டம்’ என்று யந்திரம் புரிந்துகொள்ளும். இந்த ஏற்பாட்டுக்குப் புரோப் என்று பெயர்.

நம்மவருடைய புரோப், உளி அந்தரத்தில் நிற்கும்போதே ‘ஏற்கெனவே தொட்டாயிற்று’ என்று சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டு இறங்க மறுத்தது.

மறுநாள் காலை மனைவியின் தையல் கடைத் திறப்பு. ஊரையெல்லாம் அழைத்தாயிற்று. பெயர்ப்பலகை மட்டும்தான் பாக்கி. பெயர்ப்பலகை எழுதும் கடைக்கு அவள் கிளம்பிய அன்று, “வீட்டுல மெஷினை வச்சுக்கிட்டு வெளியே போய் எழுதுறதா? என் மானம் என்ன ஆகுறது?” என்று வழிமறித்தவர் இவர்தான். நல்ல தடித்த பலகை ஒன்று, ஒன்றே ஒன்று, மேஜைமேல் காத்துக் கிடந்தது.

“என்னங்க, தொட்டுச்சா?” என்று வாசலில் இருந்து கேட்டாள் மனைவி. கழுத்தில் அளவு டேப்.

“தொடாமலே தொட்டேன்னு சொல்லுது.”

“உங்க ஆபீஸ்ல சேத்துவிடுங்க. சீக்கிரமா மேலே வந்துரும்.”

நம்மவர் சிரிக்கவில்லை. ஆராய்பவர்கள் பணி நேரத்தில் சிரிப்பதில்லை. கணினியை மாற்றினார். மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றினார். தகட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மின்சாரத்தில் அசுத்தம் கலக்கிறது என்ற முடிவுக்கு வந்து ஃபிரிட்ஜை நிறுத்தினார், வாஷிங் மெஷினை நிறுத்தினார், கடைசியில் மனைவியின் தையல் மெஷினையும் நிறுத்தினார். அங்கே நாளைக்குத் தொங்கவிட வேண்டிய மாதிரிச் சட்டை பாதிக் கையோடு நின்றது. இணையத்தில் இதே யந்திரம் வைத்திருக்கும் அன்பர்களிடம் மூன்று பக்கத்துக்கு முறையிட்டார். ‘கடைசியா என்ன மாத்தினீங்க?’ என்று ஒரு அன்பர் ஒரே வரியில் கேட்டிருந்தார். இப்படி அற்பமாக யோசிப்பவர்களோடு என்ன பேசுவது? பதில் போடவில்லை.

“கண்ணால பாத்து இறக்க முடியாதா?” என்று மனைவி கேட்டாள்.

“முடியும்.”

“அப்புறம் என்ன?”

“அப்புறம் இந்த எரர் ஏன் வந்துச்சுன்னு தெரியாமலே போயிடும்மா!”

அந்தக் குரலில் இருந்த துயரத்தைக் கேட்டவர்கள், வீட்டில் யாரோ காணாமல் போய்விட்டார்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

கழற்றுவதற்கு வேறெதுவும் மிச்சமில்லாதபோது, வயர்களைப் பிடித்திருந்த இரும்புப் பட்டையைக் கழற்றினார். பட்டையின் விளிம்பு உறையைக் கடித்து, உள்ளே இரண்டு வயரையும் ஒன்றோடொன்று ஒட்ட வைத்திருந்தது. பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பட்டையை வைத்து இறுக்கி முடுக்கியது யார்? அந்தக் கேள்விக்குள் நம்மவர் போகவில்லை.

“வயர் தரமில்லை,” என்று தீர்ப்புச் சொன்னார்.

வயரில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார். பொத்தானை அழுத்தினார். உளி இறங்கியது, தகட்டைத் தொட்டது, மரியாதையாக மேலே போனது. ஆஹா! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பழுது வந்த கதையை ஆதியிலிருந்து சொன்னார். பட்டை மட்டும் கதையில் வரவில்லை.

“சரி, பேரை வெட்டுங்க,” என்றாள் மனைவி.

வெற்றிக் களிப்பில் தகட்டை எடுத்து ஓரமாக வைத்தார். யந்திரத்தை ஓடவிட்டார்.

கிளிப் உளியிலேயே இருந்தது.

உளி சுழன்றது, பாபினில் நூல் ஏறுவது போல வயர் சரசரவென்று அதில் ஏறியது, வயரோடு தகடும் பறந்து வந்து பலகையின் நடுநெற்றியில் நாலு அறை அறைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மேஜைக்கடியில் இருந்தார். மனைவிதான் பிளக்கைப் பிடுங்கினாள்.

அவள் பலகையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பலகையைத் திருப்பிப் போட்டாள். துணியில் குறி போடும் சாக்கட்டியால் கடைப் பெயரை எழுதி, அதன்மேல் பெயிண்ட் பிரஷை ஓட்டினாள். உலர்வதற்குள் பாதிச் சட்டைக்கு மீதிக் கையையும் தைத்து முடித்தாள்.

காலையில் பலகை கம்பீரமாகத் தொங்கியது. வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

“அடேயப்பா! மெஷின் வேலையா?”

“மெஷின் வேலை பின்பக்கம் இருக்குங்க,” என்றாள் மனைவி.

நம்மவர் காதில் அது விழவில்லை. ஓரமாக நின்று போனில் அன்பர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார்: ‘புது வயர் போட்டாச்சு. இப்போ தொட்டாலும் தொடலைன்னு சொல்லுது. யாராவது பாத்திருக்கீங்களா?’ முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் மூடி கழற்றிய ரேடியோ ஒன்றோ மிக்ஸி ஒன்றோ, தன் ஸ்க்ரூக்களை டம்ளரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எத்தனை நாளாக உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது? ‘சேச்சே, நான் அந்த ஜாதி இல்லை’ என்று வாயைத் திறக்குமுன் எதற்கும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளிப்பைக் கழற்றினீர்களா?