மீனுக்கு ஒரு வீட்டுச் சாட்சி

என் மனைவியை ஒரே ஒரு பொய் சொல்ல வைத்துவிடுவது என்று ஒரு சனிக்கிழமை காலையில் முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். கல்லில் நார் உரிப்பது இதைவிடச் சுலபம். ஜனங்கள் கொண்டுவருகிற சான்றிதழ்கள் அசலா போலியா என்று பார்ப்பதுதான் அவளுக்கு அலுவலகத்தில் வேலையே. பகலெல்லாம் போலிகளைப் பிடித்துவிட்டு வீட்டுக்கு வருவாள். வந்து, ஓய்வு நேரத்தில் என்னைப் பிடிப்பாள்.

இப்படி ஒரு விபரீத முடிவுக்குக் காரணம் எங்கள் தூண்டில் சங்கம். பல் டாக்டர், தையல்காரர், கார் ஓட்டக் கற்றுத்தரும் டிரைவிங் மாஸ்டர், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நான் என்று மொத்தமே நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஏரிக்கரை. தூண்டிலைப் போட்டுவிட்டுத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அது அசையாது. நாங்களும் அசையமாட்டோம். ஆஹா, அந்தச் சுகத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

வருஷத்துக்கு ஒருமுறை டாக்டருடைய கிளினிக்கில் கூடி, அந்த வருஷத்து அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வோம். ஆரம்பத்தில் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் மீன்கள் வளர ஆரம்பித்தன. தான் பிடித்த மீன் தன்னைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய் எதிர்க்கரையில் பத்திரமாக இறக்கிவிட்டது என்று டிரைவிங் மாஸ்டர் சொன்ன அன்று, செயலாளரான தையல்காரர் பொறுக்கமுடியாமல் எழுந்துவிட்டார். அங்கேயே ஒரு விதி போட்டார். இனிமேல் எந்த மீனுக்கும் வீட்டுச் சாட்சி வேண்டும். பிடித்தவருடைய வீட்டிலிருந்து ஒருவர் வந்து, "பார்த்தேன், இவ்வளவு நீளம்" என்று கையை விரித்துக் காட்டவேண்டும். தையல்காரர் டேப் வைத்து அளப்பார். சாட்சியுள்ள மீன் ஒன்றுகூட இல்லாதவருக்குச் சங்கத்தில் இடமில்லை.

எனக்கு அந்த வருஷம் மீன் இல்லை. மீன் என்ன மீன், ஒரு செதில் கிடையாது. சங்கம் போனால் ஞாயிறு போச்சு. ஞாயிறு போனால் வீட்டில் இருக்கவேண்டும். வீட்டில் இருந்தால் ஒட்டடை இருக்கும், தண்ணீர்த் தொட்டி இருக்கும், இவள் இருப்பாள்.

அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். ஒரு சட்டையை எடுத்து மடித்தேன்.

"எதை உடைச்சீங்க?" என்றாள், நிமிராமலே.

"ஒண்ணும் உடைக்கலையே."

"சட்டையெல்லாம் மடிக்கறீங்க. எனக்குப் பயமா இருக்கு. சொல்லிடுங்க."

சொன்னேன். மென்று முழுங்கி, சுற்றி வளைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஆக, நீங்க பிடிக்காத மீனை நான் பாத்தேன்னு சொல்லணும்."

"ஆமா."

"நாலு பேர் முன்னாடி."

"அவங்கவங்க வீட்டுக்காரம்மாவும் வருவாங்க. நான் முதல்ல கை விரிச்சுக் காட்டுவேன். நீயும் அதே மாதிரி காட்டணும். நம்ம தலையணை நீளம். மறந்துடாதே, தலையணை."

"யாராவது குறுக்கக் கேள்வி கேட்டா? மீனை யாரு வெட்டுனா, யாரு சமைச்சான்னு?"

"அதையெல்லாம் எவன் கேக்கப்போறான்? கேட்டா வாய்க்கு வந்ததைச் சொல்லேன்."

"என் இஷ்டத்துக்கா?"

"உன் இஷ்டத்துக்கு."

"நடுவுல எந்திரிச்சு, அப்படி இல்லைன்னு சொல்லக்கூடாது."

"சத்தியமா சொல்லமாட்டேன்."

"சரி. சொல்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவளா? ஒரு சண்டை இல்லை, ஒரு புடவை கேட்கவில்லை, பளிச்சென்று சரி என்கிறாளே! மூளை உள்ளவனாக இருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பான். நான் விசில் அடித்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் கிளினிக்கில் கூடினோம். நோயாளிகள் காத்திருக்கும் அறை அது. சுவரெல்லாம் சொத்தைப் பல் படங்கள். மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டியில் நாலைந்து மீன்குஞ்சுகள். உள்ளதைச் சொன்னால், எங்கள் சங்கத்தார் அத்தனை பேரும் சந்தேகமில்லாமல் பார்த்த மீன்கள் அவை மட்டும்தான்.

டாக்டரின் மனைவி எழுந்து உள்ளங்கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். தையல்காரரின் மனைவி அதில் பாதியைக் காட்டினார். "ஒண்ணு கொண்டுவந்தாரு, பூனைகூட மோந்து பாத்துட்டு யோசிச்சுது" என்றார் டிரைவிங் மாஸ்டரின் மனைவி. ஆனாலும் சாட்சி சாட்சிதானே. மூன்று பேரும் தப்பித்தார்கள்.

என் முறை வந்தது. எழுந்தேன். தக்கை முங்கியதைச் சொன்னேன். தூண்டில் வில்லாக வளைந்ததைச் சொன்னேன். உள்ளங்கை கிழிந்ததைச் சொல்லும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. கடைசியில் தலையணை அளவுக்குக் கையை விரித்தேன். தையல்காரர் டேப்பை வைத்து அளந்து, உதட்டைப் பிதுக்கினார்.

"சாட்சி வரலாம்."

அவள் எழுந்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்தாள்.

"இவரு சொன்னது தப்புங்க" என்றாள்.

சுவரிலிருந்த சொத்தைப் பல்லெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தது. போச்சு, எல்லாம் போச்சு!

"அவ்ளோ சின்ன மீன் இல்ல. இதோ பாருங்க" என்று கையை விரித்தாள். விரித்தாள், விரித்துக்கொண்டே போனாள். டாக்டர் தன் நாற்காலியை நகர்த்தி இடம் விடவேண்டியதாயிற்று. "இவரு எதையுமே குறைச்சுத்தான் சொல்லுவாரு. அப்படி ஒரு குணம்."

அடேயப்பா! ஒரு பொய்க்கு வழியில்லாமல் நின்றவனுக்கு முழ நீளத்துக்குக் கூடுதலாகவே கொடுக்கிறாளே! அங்கேயே காலில் விழலாம் போலிருந்தது. அத்தோடு உட்கார்ந்திருந்தால் நான் அவளுக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

அவள் உட்காரவில்லை.

"ஆனா, அதுக்கப்புறம் இவரு செஞ்சதைத்தான் நான் சொல்லணும். மீனோட உள்ள வந்தாரு. நான் கத்தி எடுக்கப் போனேன். 'நீ பேசாம உக்காரு. வாரம் பூரா ஆபீஸ்லயும் உழைக்கற, வீட்லயும் உழைக்கற. இன்னிக்காவது காலை நீட்டி உக்காரு'ன்னுட்டாரு."

"இவரா?" என்றார் டாக்டரின் மனைவி.

"இவரேதான். செதில் சீவினாரு. குடல் எடுத்தாரு. நாலு தண்ணி அலசினாரு. சமைச்சாரு. எனக்குப் பரிமாறி, முள்ளையும் எடுத்துக் குடுத்தாரு."

"முள்ளுமா!" தையல்காரரின் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"பாத்திரம் தேச்சாரு. அடுப்பைத் துடைச்சாரு. வாடை அடிக்குதேன்னு வீடு பூரா கழுவிவிட்டாரு."

"ஏதோ ஒரு நாள்தானே?" என்று டிரைவிங் மாஸ்டர் ஈனசுரத்தில் கேட்டார்.

"ஐயோ, ஞாயித்துக்கிழமைன்னாலே இப்படித்தாங்க! மீன் கிடைக்காத அன்னிக்கு வேற ஏதாவது சமைப்பாரு. வெளிய சொல்லாதேன்னு கெஞ்சுவாரு. ரொம்பக் கூச்சம்."

மூன்று மனைவிமார்களும் ஒரே நேரத்தில் தத்தம் கணவன்மார் பக்கம் திரும்பினார்கள். "கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் டாக்டரின் மனைவி. டாக்டர் வாயைத் திறந்தார். வழக்கமாக அவருடைய நோயாளிகள் திறக்கிற மாதிரியே திறந்தார், பேச்சு வரவில்லை. டிரைவிங் மாஸ்டர் என் காலை பிரேக் என்று நினைத்து ஓங்கி மிதித்தார்.

"அது வந்து... அவ்வளவெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

தையல்காரர் டேப்பைச் சுருட்டுவதை நிறுத்தினார். "என்ன, சாட்சி சொன்னதுல பொய் இருக்கா? இருந்தா சொல்லிடுங்க. சாட்சி பொய்னா மீனும் பொய். நீங்க சங்கத்துலேர்ந்து கிளம்பலாம்."

அவளைப் பார்த்தேன். பால் குடிக்கிற குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அதைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்! அடப்பாவி மனிதா, இஷ்டத்துக்குச் சொல் என்று சொன்ன வாய் உன் வாய்தானே? நுணல் தன் வாயால் கெட்டது.

"எல்லாம் உண்மை" என்றேன்.

பெண்கள் மட்டும் கை தட்டினார்கள். என்னைச் சங்கத் தலைவராக்கவேண்டும் என்று டாக்டரின் மனைவி முன்மொழிந்தார், மற்ற இருவரும் வழிமொழிந்தார்கள். அவர்களுக்கு ஓட்டே கிடையாது. அதைச் சொல்லும் தைரியம் அங்கே எந்த ஆம்பளைக்கும் இருக்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை தலைவர் வீட்டுக்கு இவங்க மூணு பேரும் போகட்டும். அவரு சமையல் கத்துக்குடுக்கட்டும்" என்றார் டிரைவிங் மாஸ்டரின் மனைவி.

"அப்ப மீன்?" டாக்டர் கடைசி முயற்சியாகக் கேட்டார். "நாங்க எல்லாரும் சமையல்கட்டுல நின்னா ஏரிக்கு யாரு போறது?"

"அதனால என்ன டாக்டர்?" என்றாள் என் மனைவி. "தூண்டிலை இப்படிக் குடுங்க. நாங்க போறோம்."

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு நான் என்ன துரோகம் பண்ணினேன்? ஏன் இப்படிக் கவுத்துட்ட?"

"வாய்க்கு வந்ததைச் சொல்லச் சொன்னீங்க."

"அதுக்குன்னு இப்படியா?"

தெருவிளக்குக் கம்பத்தடியில் நின்றுவிட்டாள். "வாரா வாரம் போய் சும்மா உக்காந்துட்டு வர்றீங்க. மீன் வருதான்னு நான் ஒரு நாளாவது கேட்டேனா? சும்மா உக்காரத்தான் போறீங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கும் அந்த மாதிரி சும்மா உக்காரணும்ங்க. ஒரு நாளாவது."

அவள் குரலில் கேலியே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனசுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. கொசு கடிக்கும், வெயில் கொளுத்தும், ஒரு மீனும் வராது. ஒரே வாரத்தில் தூண்டில் திரும்பி வந்துவிடும்.

ஞாயிறு வந்தது. நாலு ஆண்பிள்ளைகள், ஒரு சமையலறை. டாக்டர் வெங்காயத்தைப் பல் பிடுங்குகிற பதமாக உரித்தார். உரித்து முடிக்கவே இல்லை. தையல்காரர் ஒவ்வொரு காயையும் அளந்து, தையலுக்கு விடுகிற மாதிரி ஓரத்தில் கொஞ்சம் விட்டு வெட்டினார். டிரைவிங் மாஸ்டர் அடுப்பைத் தொடவே மாட்டேன் என்றார். பக்கத்தில் நின்றுகொண்டு, "மெதுவா, மெதுவா, இப்பக் குறைங்க, ஐயோ குறைங்க!" என்று என் காதில் கத்தினார். எல்லாம் கருகிப்போனது.

மத்தியானம் தெருமுனையிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தார்கள். என் மனைவியின் காலெல்லாம் சேறு. முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது. இந்த முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்து எத்தனை காலமாயிற்று!

கூடையைத் தரையில் வைத்தாள். "தூக்கிப் பாருங்க" என்றாள்.

தூக்க முடியவில்லை. குனிந்து பார்த்தேன். ஒரு கண் என்னைப் பார்த்தது. நான் கடவுளே என்று சொல்லி முடிப்பதற்குள் அது துள்ளியது. வாலால் என் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டது. மூக்குக் கண்ணாடி போய் அடுப்படியில் விழுந்தது. டாக்டர் ஸ்டூல்மேல் ஏறிவிட்டார். தையல்காரர் பழக்கதோஷத்தில் டேப்பை எடுத்தார், பாதி அளந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்படி... எப்படிப் பிடிச்ச?" என்றேன், கன்னத்தைத் தடவிக்கொண்டே.

"தக்கை அசைஞ்சுது. இழுத்தேன்."

"அசைஞ்சுதா!"

"ஏன், உங்களுக்கெல்லாம் அசையாதா?"

அவர்கள் கூடத்தில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்து, அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள ஆரம்பித்தார்கள். "அப்ப நான் கத்தினேன் பாருங்க" என்று ஒருத்தர். "நீங்க வழுக்கி விழுந்ததைச் சொல்லுங்க" என்று இன்னொருத்தர். சிரிப்பு வெடித்துக்கொண்டே இருந்தது. நான் முழங்கை வரைக்கும் செதில் ஒட்ட, உள்ளே அந்த மீனைச் சீவிக்கொண்டிருந்தேன். வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அது என் ஏரி, என் ஞாயிற்றுக்கிழமை! கையைக்கூடக் கழுவாமல் கூடத்துக்குப் போனேன்.

"ஏம்மா, அடுத்த வாரம் நானும் ஏரிக்கு வரட்டுமா?" என்றேன். குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் நிஜமாகவே யோசித்தாள்.

"தாராளமா வாங்க. கூடையைத் தூக்க ஆள் இல்லாம நாங்களும் இன்னிக்குக் கஷ்டப்பட்டுட்டோம்."