வெள்ளைக்கார மாமாவின் வெள்ளிக்கிழமை

உயிரோடு, நல்ல சுகத்தோடு இருக்கும் ஒரு மனிதருக்கு நான் ஒருமுறை செத்தவீடு நடத்தியிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் அவ்வளவு ஒழுங்காக நடந்திருக்காது.

அவர் ஒரு வெளிநாட்டு ராக் பாடகர். வானொலிகள் சீண்டாத வகை. வாழ்க்கைக்கு அர்த்தமில்லை என்பதை மெல்லிய குரலில் மணிக்கணக்காக விளக்குவார். கொழும்பில் அவருக்கு நாங்கள் ஆறு ரசிகர்கள் இருந்தோம்: வெள்ளவத்தையில் ஐந்து பேர், கொட்டாஞ்சேனையில் நான். (வாட்ஸ்அப் குழுவின் பெயரில் 'ஸ்ரீலங்கா' என்று இருந்ததால், நாட்டுக்கே நாங்கள்தான் பொறுப்பு என்று நினைப்பு.) பதினொரு வருடமாக அவர் எதுவும் வெளியிடவில்லை. பிறகு ஒருநாள் தன் முகத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டு, கீழே ஒரு தேதி மட்டும் கொடுத்தார். புது அல்பம்! நான் அலுவலகக் கழிப்பறைக்குள் போய் அழுதேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. அழுவதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அதற்குத்தான் அழுதேன்.

வெள்ளிக்கிழமை விடிய வெளியானாலும் ஒருவரும் தனியாகக் கேட்கக்கூடாது என்று குழு முடிவு செய்தது. மாலை ஐந்து மணிக்குக் கூடி, கைபேசிகளை ஒரு பைக்குள் போட்டுக் கட்டிவிட்டு, கடைசிப் பாட்டு வரை வாய் திறக்காமல் கேட்க வேண்டும். "எங்கட வீட்டில வைப்பம்" என்றேன். குழுத் தலைவன் தர்ஷன் சிரித்தான்.

"கொட்டாஞ்சேனையிலயா? ஒரு பக்கம் சேர்ச் ஸ்பீக்கர், மற்றப் பக்கம் கோயில் மணி, நடுவில த்ரீவீல் ஹோர்ன். அங்க அமைதியா இருந்து பாட்டுக் கேக்கிறதோ?"

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. கொட்டாஞ்சேனையின் மானமே என் கையில் என்று எடுத்துக்கொண்டேன்.

சந்து மாதிரி வளைந்து போகும் எங்கள் ஒழுங்கைகளுக்குள் வெள்ளவத்தைக்காரர்கள் தொலைந்துபோவார்கள். ஆகவே வழிகாட்டச் சுவரொட்டி அடித்தேன். அவருடைய பாணியிலேயே, வீண் சொல் ஒன்றும் இல்லாமல்: கறுப்புக் கரை, நடுவில் நரைத்த தாடியோடு அவர் முகம், கீழே வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி, எங்கள் வீட்டு இலக்கம், ஒரு அம்புக்குறி. அச்சடித்த கடைக்காரர் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன வயசு மிஸ்?"

"அறுபத்தொண்டு."

"பெரிய வயசில்லயே" என்றவர், நான் கேட்காமலே நாலையும் லேமினேட் பண்ணித் தந்தார். அவரும் ரசிகர் என்று நினைத்துக் கைகுலுக்கிவிட்டு வந்து, நாலையும் ஒழுங்கைத் திருப்பங்களில் ஒட்டினேன். (கொழும்பில் பிறந்து வளர்ந்தவள் நான். சுவரில் ஒட்டிய கறுப்புக் கரை போட்ட முகம் என்றால் என்ன என்று தெரியாதவள் இல்லை. ஆனால் கலை கண்ணை மறைக்கும்.)

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு வந்தபோது ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி. யாரோ போய்விட்டார்கள் என்று பாவமாக இருந்தது. எங்கள் கேட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கியிருந்தன. செத்தவீட்டுக் கதிரைகள் எந்த வாசலுக்கும் பரவும் என்பதால் அதையும் பெரிதாக எடுக்கவில்லை. எனக்கிருந்த ஒரே கவலை, இன்றைக்கென்று பார்த்தா சாக வேண்டும் என்பதுதான். அம்மா விடிய மட்டக்குளிக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும். மேசையில் லெப்டொப்பை வைத்து, திரையில் அவர் முகத்தைப் போட்டு, சூழலுக்காக இரண்டு பக்கமும் மெழுகுதிரி ஏற்றினேன்.

ஐவரும் வந்தார்கள். கைபேசிகளைப் பைக்குள் கட்டினோம். அவர்களுக்குப் பின்னால் அடுத்த வீட்டு பிலோ அன்ரி வெள்ளைச் சேலையில் வந்து என் கையைப் பிடித்தார்.

"மகள், ஏதும் சாப்பிட்டனீங்களா?" என்றவர், திரையைப் பார்த்துச் சிலுவை போட்டார். "உங்கட அப்பாட பக்கத்தில பறங்கி ரத்தம் இருக்கெண்டு எனக்கு அப்பவே தெரியும்."

அதற்குப் பிறகு ஒழுங்கையே உள்ளே வந்தது. ஒழுங்கையின் மரண உதவிச் சங்கச் செயலாளர் பெனடிக்ட் அங்கிள் கோப்பிக் கேத்தலோடு வந்து, "கொடி, கதிரை எல்லாம் சங்கம் பாத்துக்கொள்ளும், நீங்க யோசிக்காதீங்க" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. செத்தவீடு எங்களுடையதுதான்.

நேர்மையான பெண் ஒருத்தி அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பாள். ஆனால் தர்ஷன் வாயைப் பிளந்தபடி நின்றான்.

"இவ்வளவு பேரா? எல்லாருக்கும் இவரத் தெரியுமா?"

"ஓம்" என்றேன். பட்டனை அழுத்தினேன்.

சொல்லத்தான் வேண்டும்: அப்படி ஒரு அமைதியில் எந்த ஊரிலும் அந்த அல்பத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள். நாற்பது பேர், ஒரு இருமல் இல்லை. மூன்றாவது பாட்டில் பிலோ அன்ரி மூக்கைச் சிந்தினார். தர்ஷனின் கண்ணும் கலங்கியிருந்தது. வெள்ளவத்தையை வென்றுவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நான்காவது பாட்டின் நடுவில் வெளியே ஒரு அலறல் கேட்டது. அம்மா.

பஸ்ஸால் இறங்கியவர் கொடிகளைப் பார்த்திருக்கிறார். கொடிகள் எங்கள் கேட்டில் முடிந்ததைப் பார்த்திருக்கிறார். எனக்கு அழைத்திருக்கிறார், பதினேழு தடவை. பை கட்டியபடி கிடந்தது. "ஐயோ என்ர பிள்ளை" என்று கதிரைகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர் என்னைக் கண்டார். கட்டிப்பிடித்தார். பிறகு கன்னத்தில் ஒன்று போட்டார். திரும்பவும் கட்டிப்பிடித்தார். அவர் உடம்பு முழுக்க நடுங்கியது. அந்த நடுக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மற்றதெல்லாம் பகிடி, அது மட்டும் பகிடி இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"இது ஆர்?"

சபை என்னைப் பார்த்தது.

"பாடகர், அம்மா."

"எப்ப செத்தவர்?" என்றார் பெனடிக்ட் அங்கிள்.

"சாகேல்ல அங்கிள். புதுப் பாட்டு வந்திருக்கு. இப்ப பாடுறது அவர்தான்."

அவரோ பாடிக்கொண்டே இருந்தார். பெனடிக்ட் அங்கிள் கேத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கோப்பி ஊத்தியாச்சு. எல்லாரும் குடிச்சிட்டுப் போங்க" என்றார். பிலோ அன்ரிதான் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் இவர்ட ஆத்துமாவுக்கெண்டு பூசைக்கும் காசு குடுத்திட்டனே!"

அது பூசையோடு நிற்கவில்லை. இறந்தவர்களுக்கான நவம்பர் மாத மன்றாட்டுக்குப் பிலோ அன்ரி கொடுக்கும் பட்டியலில், வெளிநாட்டுப் பெயர் வாயில் வராததால், என் பெயரை வைத்து 'ஜெனிற்றாவின் வெள்ளைக்கார மாமா' என்று சேர்த்துவிட்டார். ஒவ்வொரு வருடமும் வாசிக்கிறார்கள். எடுத்துவிடுங்கள் என்று நான் காலில் விழாத குறை.

"அவர் எப்பவோ ஒருநாள் போகத்தானே போறார் மகள். முன்கூட்டியே கிடக்கட்டும்" என்கிறார்.

எங்கள் வீட்டில் பாடகருக்குப் பெயர் 'பிரேதம்'. "பிரேதத்தின்ர சத்தத்தைக் குறை" என்பார் அம்மா, நான் பாட்டுப் போட்டால். போன கிழமை அவர் திரும்பவும் ஒரு முகம், ஒரு தேதி போட்டார். அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மெலிஞ்சிட்டார், பாவம்" என்றார். பிறகு, "பெனடிக்டிட்ட இப்பவே சொல்லி வை, ஆள் இன்னும் இருக்கெண்டு" என்றார்.