பாங்காக் வழியாகக் காசி

சகாதேவன் வாயில் காசி என்ற சொல் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது.

வாசலில் வாடகைக் கார் நிற்கிறது. டிரைவர் பெட்டிகளை டிக்கியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத்தானா ராமகிருஷ்ணன் ஸ்கூட்டரில் வந்து இறங்க வேண்டும்? மகள் கவியாவுக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளையின் அப்பா அவர்.

"இன்னா சம்பந்தி, பெட்டியும் கையுமா எங்க கிளம்பிட்டீங்க?"

"காசிக்குங்க," என்றார் சகாதேவன்.

காரில் ஏற ஒரு காலைத் தூக்கியிருந்த அவர் மனைவி ரேவதி அப்படியே நின்றுவிட்டாள்.

அவர்கள் போவது பாங்காக்குக்கு. செங்கம் ரோட்டில் சகாதேவன் பம்ப்செட் கடை வைத்திருந்தார். இந்த வருஷம் மோட்டார் அமோகமாக விற்றதில் கம்பெனிக்காரர்கள் மனம் குளிர்ந்து, ஜோடியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வர டிக்கெட்டும் ஓட்டல் அறையும் கொடுத்திருந்தார்கள். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் திருவண்ணாமலையில் ஓர் ஆம்பளை பாங்காக் போகிறேன் என்று சொன்னால், கேட்கிறவர் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு வரும். மனைவியோடு போகிறேன் என்று சேர்த்துச் சொன்னால் அந்தச் சிரிப்பு இன்னும் அகலமாகும்.

ராமகிருஷ்ணனோ நெற்றியில் விபூதிப் பட்டை அழியாத மனிதர். கீழ்பென்னாத்தூரில் அரிசி மில். பௌர்ணமி தவறாமல் கிரிவலம். வருஷா வருஷம் காசி யாத்திரை. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருக்கிற நேரத்தில் அவரிடம் பாங்காக் என்று சொல்ல, பெண்ணைப் பெற்ற எவனுக்கு நாக்கு புரளும்?

ராமகிருஷ்ணன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"புண்ணியம் பண்ணவருங்க நீங்க. வரும்போது கங்கா தீர்த்தம் ஒரு சொம்பு கொண்டாந்துடுங்க. வூட்ல சந்திரகலா கேட்டுக்கினே கீறா. நான் போறப்பல்லாம் மறந்துட்டு வந்துடறேன்."

கார் திண்டிவனம் ரோட்டைப் பிடித்ததும் ரேவதி திரும்பினாள்.

"பாங்காக்ல கங்கை எந்தப் பக்கம் ஓடுதுங்க?"

"திரும்பி வந்து தேரடி வீதியில சீல் வச்ச சொம்பு வாங்கிக்கலாம், விடு."

"நான்தான் கூடவே வர்றேனே. உண்மையச் சொல்லியிருந்தா இன்னாவாம்?"

"நாலு நாள்தான. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

யாரும் வந்து பார்க்கத் தேவையில்லை, போன் இருக்கிறது என்பது அவருக்கு மறுநாள் காலையில்தான் உறைத்தது.

பாங்காக்கில் ஆற்றங்கரையோரம் ஒரு தள்ளுவண்டியில், தேங்காய்ப்பால் ஊற்றிய சோற்றோடு மாம்பழம் தின்றுகொண்டிருந்தாள் ரேவதி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தொப்பி போட்டு அவர் பார்த்ததில்லை. கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தாள். சகாதேவன் பச்சைக் கிளிகள் பறக்கும் சட்டையும் அரை டவுசருமாக இருந்தார். அவளே பிளாட்பாரக் கடையில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தது. அழகாக இருப்பதாகவும் சொல்லியிருந்தாள்.

போன் அடித்தது. வீடியோ கால். சம்பந்தி அம்மாள் சந்திரகலா.

"எடுக்காதே!"

"எடுக்கலன்னா கங்கையில முழுகிட்டோம்னு நெனச்சிக்குவாங்க." ரேவதி தொப்பியையும் கண்ணாடியையும் மடியில் போட்டாள். கையிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்துக் கணவரின் கிளிகள் மேல் போர்த்தினாள்.

"இன்னாங்க அண்ணி, தரிசனம் ஆச்சா?" என்றாள் சந்திரகலா.

"ஆச்சுங்க. இப்பத்தான் குளிச்சிட்டு உக்காந்தோம்."

நல்லவேளையாகப் பின்னால் ஒரு புத்த பிக்கு காவியோடு நடந்து போனார். சகாதேவனுக்குப் பாதி உயிர் திரும்பியது. சந்திரகலாவின் கண் அந்தப் பிக்கு மேல் நின்றது.

"சாமியாரு இன்னா இவ்வளோ சுத்தமா மொட்டை போட்டுக்கினு, தாடிகூட இல்லாம கீறாரு?"

சகாதேவன் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் பின்னாலிருந்து ராமகிருஷ்ணனின் குரல் வந்தது. "அது நேபாளத்துச் சாமியாருடி. அங்கெல்லாம் அப்படித்தான்."

"கடைப் பலகையில எழுத்தெல்லாம் கொக்கி கொக்கியா கீதே?"

"சமஸ்கிருதம்! போன வையி, அவங்க ஜபம் பண்ணட்டும்."

போன் நின்றது. சகாதேவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பேர்ப்பட்ட மனுஷன் பாத்தியா ரேவதி? கள்ளம் கபடமே இல்ல. இவருகிட்டப் போய்ப் பொய் சொல்றோமே."

"நாம எங்க சொன்னோம்? அவரேதான் சொல்லிக்கினு கீறாரு."

மறுநாள் சந்திரகலா புதிதாக ஒன்று கேட்டாள். கங்கையில் படகில் போகிற மாதிரி ஒரு போட்டோ வேண்டுமாம். ரேவதிக்கு இது கஷ்டமாகவே தெரியவில்லை. ஆறு இருக்கிறது, படகு இருக்கிறது. பட்டுப்புடவை கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, கணவரின் தோளில் சாய்ந்து ஒரு போட்டோ எடுத்து, உடனே அனுப்பியும் விட்டாள்.

சகாதேவன் வாங்கிப் பார்த்தார். இருவருக்கும் பின்னால், ஆற்றங்கரையில், பீங்கான் பூக்கள் பதித்த அருண் புத்தர் கோயில் கோபுரம் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"அறிவு கீதா உனக்கு? இந்தக் கோபுரம் காசியில எங்க கீது?"

"அழகா விழுந்திருந்துச்சி. அதான் அனுப்பிட்டேன்."

சந்திரகலாவிடமிருந்து கேள்வி வந்தது: இது எந்தக் கோபுரம்? பின்னாலேயே ராமகிருஷ்ணனின் குரல் பதிவும் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "காசியில இந்த மாதிரி நூறு கீது. ஒவ்வொண்ணுக்கும் பேரு கேட்டா அவங்க எப்படிச் சொல்லுவாங்க?"

அதற்குப் பிறகு சந்திரகலா ஒன்றுமே கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க நிம்மதியாக இருந்தது. சகாதேவன் மறுபடி கிளிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். மார்க்கெட்டில் ரேவதியோடு கைகோத்துக்கூட நடந்தார். திருவண்ணாமலையில் அவர் எப்போதும் நாலடி முன்னால்தான் நடப்பார்.

கடைசி நாள் மத்தியானம் சந்திரகலா கூப்பிட்டாள். குரலில் தேன் சொட்டியது.

"சாயங்காலம் கங்கை ஆரத்திய நேரா காட்டிடுங்க அண்ணி. தெருப் பொம்பளைங்க எல்லாரையும் வரச் சொல்லிட்டேன். டிவியில போன மாட்டிட்டோம். எங்க வூட்டுக்காரரையும் மில்லுக்குப் போவாம புடிச்சி உக்கார வச்சிருக்கேன்."

சகாதேவன் கட்டிலில் சாய்ந்துவிட்டார். "எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு."

"காய்ச்சல்னா சம்பந்தி பிளைட் புடிச்சிக் காசிக்கே வந்துடுவாரு," என்றாள் ரேவதி. "இங்க சீலோம் சாலையில நம்ம மாரியம்மன் கோயில் கீதாம். வாசல்ல கற்பூரம், மாலை, மணி எல்லாம் இருக்கும். கிட்டக்க வச்சிக் காட்டுவோம். நெருப்புக்கு ஊரு பேரா எழுதியிருக்கு?"

அவள் சொன்னபடியே ஆயிற்று. கோயில் வாசலில் ஓரமாக நின்று ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். ரேவதி தீபத்தைத் தவிர வேறொன்றும் தெரியாதபடி போனைப் பிடித்தாள். சகாதேவன் கண்ணை மூடிக்கொண்டு "ஹர ஹர கங்கே" என்று உருகினார். அந்தப் பக்கம் தெருப் பெண்கள் குலவை போடுவது கேட்டது. அவருக்கே கொஞ்சம் பக்தி வந்துவிட்டது.

"அட, தமிழா!" என்று முதுகில் ஓர் அடி விழுந்தது. "எந்த ஊருங்க நீங்க?"

பக்கத்து ஓட்டலின் சமையல்கார உடுப்பில் ஒருவர் நின்றார். சகாதேவன் உதட்டில் விரல் வைத்தார். கண்ணால் கெஞ்சினார். அந்த மனிதருக்கு அதெல்லாம் புரியவில்லை.

"நான் போளூருங்க! சடையன்! பாங்காக் வந்து எத்தினி வருஷம் ஆச்சி, நம்ம பக்கத்து ஆளுங்களப் பாக்கவே முடியலீங்க!"

ரேவதி அழைப்பைத் துண்டித்தாள். தட்டில் கற்பூரம் எரிந்து முடிந்தது. சடையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாங்க, வூட்டுக்குத் தெரியாம ஓடியாந்துட்டீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. கவியாவின் முகம்தான் சகாதேவன் கண்ணில் நின்றது. நிச்சயதார்த்தத்துக்குப் புடவைகூட எடுத்துவிட்டாள். அதற்குள் போன் அடித்தது. ராமகிருஷ்ணன்.

"சம்பந்தி, சரியா தீபாராதனை நேரத்துல என் கை தவறி போன் கீழ வுழுந்துடுச்சி. கடைசியில ஒண்ணுமே கேக்கல. யாருக்குமே கேக்கல." அவர் குரல் நடுங்கியது. பக்திப் பரவசம் என்று சகாதேவன் நினைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பி, தேரடி வீதியில் சீல் வைத்த செப்புச் சொம்பு ஒன்று வாங்கிக்கொண்டு இருவரும் கீழ்பென்னாத்தூர் போனார்கள். சந்திரகலா காபி கொடுத்தாள். சொம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எந்தக் கரையில மொண்டது அண்ணா இது?"

சகாதேவன் காபியைக் கீழே வைத்தார். ரேவதி தலையாட்டினாள். சொல்லிடுங்க என்று அர்த்தம்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. பொண்ணு வாழப்போற வூட்ல இன்னும் பொய் சொல்ல எனக்கு மனசு வரல. நாங்க காசிக்குப் போவல. பாங்காக் போனோம். கோபுரம், சாமியாரு, ஆரத்தி எல்லாம் அங்கதான். தப்பு முழுக்க என் மேல. கவியாவுக்கு ஒண்ணும் தெரியாது."

ராமகிருஷ்ணனுக்குப் புரையேறியது. காபி வேட்டியெல்லாம் சிந்தியது. முகம் வெளுத்து, நெற்றிப் பட்டை வியர்வையில் கரைந்து வழிந்தது. நல்ல மனுஷனை இப்படி உடைத்துவிட்டோமே என்று சகாதேவன் தன் தோள்துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"விடுங்க சம்பந்தி," என்று எப்படியோ சொன்னார் ராமகிருஷ்ணன். "இத இத்தோட வுட்டுடலாம். தயவு பண்ணி இத்தோட வுட்டுடலாம்."

சந்திரகலா கணவரின் தலையில் தட்டிவிட்டு, அந்தப் படகுப் போட்டோவைப் போனில் எடுத்து எல்லாருக்கும் நடுவில் வைத்தாள்.

"இதுல வருத்தப்படறதுக்கு இன்னா கீது அண்ணா? இவரு வருஷா வருஷம் அனுப்பற காசி போட்டோலயும் இதே கோபுரந்தான் நிக்குது. நீங்களாச்சும் பொண்டாட்டியக் கூட்டிக்கினு போயிருக்கீங்க!"