உங்கள் சொந்தக் கருத்தா?

குடிமக்களுக்கும் அறிவு உண்டு என்று அரசாங்கம் ஒரு நாள் ஒப்புக்கொண்டது. அதற்கு முன் அப்படியொரு சந்தேகம்கூட அதற்கு வந்ததில்லை. ‘ஒவ்வொருவரும் தாமே சிந்திக்கும் தனிமனிதர், அவர் கேட்டால் அரசு பதில் சொல்லியே தீர வேண்டும்’ என்று அறிவித்து, குடிநீர் அலுவலகத்தில் ‘தனிமனித உரிமைப் பிரிவு’ என்று புதுப் பலகையும் மாட்டியது. மேஜை பழைய மேஜை. அதிகாரியும் பழையவர்தான்.

செய்தி சலவைக்கடை அக்காவின் வயிற்றில் பாலை வார்த்தது. பன்னிரண்டு நாளாகத் தெருவில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் கடைக்குள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. வெள்ளிக்கிழமைக்குள் வெளுத்துத் தராவிட்டால் அந்த வேலை வேறு கடைக்குப் போய்விடும்.

“தண்ணி வரலைங்க சார்” என்று அலுவலகத்தில் போய்ச் சொன்னாள்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “இது உங்க சொந்தக் கருத்தாம்மா?”

“கருத்தா? குழாயைத் திறந்தா காத்துதான் சார் வருது!”

“உங்க தெருவுல முப்பத்தொன்பது பேர் இதையேதான் எழுதியிருக்காங்க. ஒரே மாதிரி சொன்னா அது கும்பல். உரிமை தனிமனிதருக்குத்தான்.”

“எல்லார் வீட்டுலயும் தண்ணி இல்லைன்னா எல்லாரும் அதைத்தானே சார் சொல்லுவாங்க?”

“அதான் சொல்லிட்டாங்களே. நீங்க யாரும் சொல்லாததை யோசிச்சுட்டு வாங்க.”

அன்று சாயங்காலம் தெருவே உட்கார்ந்து யோசித்தது. தண்ணீர் கசக்கிறது என்று தையல்காரர் எழுதினார். அது சத்தம் போடுகிறது என்று ரொட்டிக்கடைக்காரர் எழுதினார். தண்ணீர் என்று ஒன்று உண்டா என்றே வாத்தியார் நான்கு பக்கம் எழுதித் தள்ளினார். கடையைப் பூட்டிவிட்டு அக்கா வருவதற்குள் நல்ல கருத்தெல்லாம் தீர்ந்துவிட்டது. ‘அளவுக்கு மீறி வருகிறது’ என்பதுதான் மிச்சம்.

“எதையாவது எழுதுக்கா. ஆள் வந்து குழாயைப் பார்த்தா புரிஞ்சிடும்” என்றார் வாத்தியார். அக்கா அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாளே நாற்பது பேருக்கும் ‘தாமே சிந்திப்பவர்’ என்று சான்றிதழ் வந்தது. தெரு அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது. யார் கருத்து அதிகச் சொந்தம் என்று சண்டை பிடித்ததில் தண்ணீரை மறந்தே போனது.

நாற்பதில் நடவடிக்கை எடுக்கத் தோதாக இருந்தது அக்காவின் மனு ஒன்றுதான். வியாழக்கிழமை இரண்டு பேர் வந்து தெருமுனை வால்வை மூடி, இனித் திறக்க முடியாதபடி வெல்டிங் வைத்தார்கள்.

“ஐயோ, தண்ணியே வரலைப்பா!” என்று அக்கா குறுக்கே ஓடினாள்.

“அது மத்தவங்க சொன்னது, அக்கா. உங்க கையெழுத்துல ‘அளவுக்கு மீறி வருது’ன்னுல்ல இருக்கு.”

வெள்ளிக்கிழமை மூட்டைகளை வேறு கடைக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நேரே அலுவலகத்துக்குப் போனாள்.

வரிசையில் அவளுக்கு முன்னால் அதிகாரியே நின்றுகொண்டிருந்தார். அந்த வால்வுக்கு அப்பால்தான் அவர் வீடு. அங்கே மட்டும் அதுவரை தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவர் நாற்காலியில் உதவியாளர் உட்கார்ந்திருந்தார்.

“வீட்டுல தண்ணி வரலைப்பா” என்றார் அதிகாரி.

“சட்டப்படி கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இது உங்க சொந்தக் கருத்தா சார்?”

அதிகாரி மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, இதுவரைக்கும் யாரும் சொல்லாதது ஏதாவது மிச்சம் இருக்கா?”