என் தோலைக் கேட்ட மருமகள்

ஆனைமலையில் இருக்கும் அன்புத் தங்கை பங்காரம்மாளுக்கு, சிங்காநல்லூரிலிருந்து அண்ணன் வெங்கடபதி எழுதச் சொல்லும் கடிதம். இங்கே நலம் என்று சம்பிரதாயத்துக்குச் சொல்லிவைக்கிறேன். உண்மை கீழே வரும். மாசாணியம்மன் தயவில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் பேசலாமே என்பாய். உனக்குக் காது மந்தம், எனக்கு நாக்குக் குழறுகிறது. போன வாரம் நான் "சாப்ட்டியா அம்மணி" என்று கேட்டதற்கு, நீ "ஐயோ, யாருண்ணா செத்தது" என்று அழுதாய். பேனா பிடிக்கக் கை வரவில்லை. என் பேச்சு முழுசாகப் புரிகிற ஒரே ஆள் மருமகள் லாஸ்யா. ஆகவே அவளைப் பற்றிய புகாரை அவளே எழுதுகிறாள். ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் படித்தது நரம்புச் செல்களைப் பற்றி. கல்யாணத்தில் 'பொண்ணு டாக்டராமே' என்று ஆளாளுக்குத் தலைவலி சொல்லிக்கொண்டு வர, "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தலைவலி வந்தது, நினைவிருக்கிறதா? பெங்களூரில் ஒரு மருந்துக் கம்பெனியில், கைகாலை அசைக்கும் நரம்புகள் செத்துப்போகிற நோய்க்கு மருந்து தேடினாள். தட்டில் வளர்த்த செல்லுக்குக் கொடுத்தார்கள், செல் பிழைத்தது. எலிக்குக் கொடுத்தார்கள், எலி ஓடியது. மனிதர்களுக்குக் கொடுத்தார்கள்; மருந்து சாப்பிட்டவர்களும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களும் ஒன்றுபோலவே படுத்தார்கள். கம்பெனி அந்தப் பிரிவையே மூட, அவள் கோயமுத்தூருக்கு வந்து ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தாள். அடுத்த தை மாதம் என் கையிலிருந்து காபி டம்ளர் விழுந்தது. அதே நோய். டாக்டருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிடும்போது என் பெருவிரல் சதை வற்றியிருந்ததைப் பார்த்தவள், எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள்.

நம் பங்காளி ராமுலு வந்தான். "ஊட்டுலயே மருந்து இருக்குது, அப்புறமென்ன கவலை?" என்று சொல்லி, கொண்டுவந்த எண்ணெயை எனக்குப் பாதியும் தரைக்குப் பாதியுமாகத் தேய்த்து, அதில் அவனே வழுக்கி விழுந்து, இடுப்பில் கட்டோடு வீட்டுக்குப் போனான்.

ஆனாலும் எனக்கு ஆசை வந்துவிட்டது. "அந்த மாத்திரைல மிச்சமிருந்தாக் குடு அம்மணி" என்றேன்.

"அது வேலை செய்யாதுங்க மாமா."

"எலிக்குச் செஞ்சுதே?"

"நீங்க எலி இல்லீங்களே."

"எலின்னே வெச்சுக்க."

அவள் சிரிக்கவில்லை. "சில பேருக்கு ஈரலே கெட்டுப்போச்சுங்க. குடுக்க மாட்டேன்."

உண்ணாவிரதம் இருந்தேன். விழுங்கவே சிரமப்படுகிறவன் உண்ணாவிரதம் இருந்தால் யாருக்குத் தெரியும்? ஒருவரும் கவனிக்காமலே அது முடிந்துபோயிற்று.

மருந்து தராதவள் அடுத்து என்ன கேட்டாள் தெரியுமா? என் தோல்! ஆஸ்பத்திரியில் முழங்கைப் பக்கம் பென்சில் முனையளவு எடுத்து, தட்டில் வளர்த்து, நரம்பாக மாற்றி, அது எப்படிச் சாகிறது என்று பார்ப்பார்களாம். "அது எப்படிச் சாகுதுன்னு நானே சொல்றேனே" என்றேன். கேட்கவில்லை. "இதுல எனக்கு என்ன பிரயோசனம்?" என்றேன். ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துபோகும்? "உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க மாமா. மருந்து வர்றதுக்குள்ள..." என்று நிறுத்திவிட்டாள். மிச்சத்தை நானே முடித்துக்கொண்டேன். கொடுத்துத் தொலைத்தேன். இப்போது தினமும் சாயங்காலம் போனில் படம் காட்டுகிறாள். மீன்குஞ்சுக் கூட்டம்போல இருக்கிறது. "நல்லா வளருதுங்க மாமா" என்று அதில் ஒரு சந்தோஷம் வேறு. நான் இங்கே வற்றிக்கொண்டிருக்கிறேன், என் தோல் அங்கே கொழுக்கிறது!

ஆகையால் தாயே, வண்டி எடுத்துக்கொண்டு வந்து என்னை ஆனைமலைக்குக் கூட்டிப்போ. பொய் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிற வீட்டில் சாகிறேன்.

உன் பேத்தி பிரீத்திகாவுக்கு என் ஆசி. உன்னைச் சேர்ந்த எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எங்கள் பங்கையும் சேர்த்து இருங்கள்.

அன்புள்ள அண்ணன்,
வெங்கடபதி

பி.கு.: இதை எழுதுவது என் மகன் யஷ்வந்த். ஒவ்வொன்றையும் அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால் சுருக்கமாக. கடிதத்தைத் தபாலில் சேர்க்குமுன் தட்டில் பூஞ்சை பிடித்து, என் செல்கள் அத்தனையும் போய்விட்டன. லாஸ்யா வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து, "உங்களதைக் காப்பாத்த முடியலைங்க மாமா" என்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. "அழுவாத கண்ணு, அந்தக் கையில இன்னும் நெறையத் தோலு கெடக்குது" என்றேன். வியாழக்கிழமை மறுபடியும் எடுக்கிறார்கள். வண்டி வேண்டாம். நீ மட்டும் பஸ்ஸில் வந்து நாலு நாள் தங்கு. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.